வேலை தேடிய கணித மேதை

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 22ஆம் நாள் நம் நாட்டுப் பள்ளிகளில் தேசியக் கணித நாள் கொண்டாடப்படுகிறது. தில்லியிலோ மும்பையிலோ போபாலிலோ படிக்கும் நீங்களும் அன்று காலை வழிபாட்டுக் கூட்டத்தில் சீனிவாச இராமானுஜனின் பெயரைக் கேட்டிருப்பீர்கள். 1729 என்னும் எண்ணைப் பற்றியும், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைப் பற்றியும் யாரேனும் ஒரு மாணவர் பேசியிருப்பார். அவ்வாறு பேசுவோர் பெரும்பாலும் ஒரு காலப்பகுதியை இரண்டு வரிகளில் கடந்துவிடுவர். 1904 முதல் 1913 வரையிலான ஆண்டுகள் அவை. கல்லூரியில் தேறாமல், வேலையும் இல்லாமல், அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் ஓர் இளைஞர் கழித்த ஆண்டுகள் அவை. இப்பாடம் பெரிதும் அவ்வாண்டுகளைப் பற்றியதே.

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில், தம் தாய்வழிப் பாட்டியின் வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். தந்தையார் சீனிவாச ஐயங்கார் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதி வந்தார். மாதம் 20 ரூபாய் அளவில் ஊதியம். தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பக்திப் பாடல்கள் பாடுவார். அதனாலும் சிறிது வருவாய் கிடைத்தது. சாரங்கபாணி சன்னிதித் தெருவில் இருந்த அவர்களுடைய சிறிய ஓட்டு வீடு இன்றும் நினைவில்லமாகக் காக்கப்படுகிறது. வீட்டுச் செலவை ஈடுகட்டக் கல்லூரி மாணவர் சிலரை உடன் தங்கவைத்து உணவளிப்பதும் உண்டு. அம்மாணவர்கள் தமக்குத் தெரிந்த கணக்கையெல்லாம் வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தனர். சில நாள்களிலேயே அவர்களிடம் இருந்த சரக்கு தீர்ந்துவிட்டது.

1897இல் தொடக்கநிலைத் தேர்வில் தஞ்சை மாவட்டத்திலேயே முதல் இடம் பெற்றார் இராமானுஜன். பின்னர்க் கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். பதின்மூன்று வயதிற்குள் லோனி என்பவர் எழுதிய கோணவியல் நூலைத் தாமே படித்து முடித்தார். பதினாறாம் வயதில் வேறொரு நூல் அவர் கைக்கு வந்தது. கார் என்னும் ஆங்கிலேய ஆசிரியர் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்க்காகத் தொகுத்த நூல் அது. ஏறத்தாழ ஐயாயிரம் கணித முடிவுகளை அது வரிசையாகக் கூறிச் செல்லும். நிறுவல்கள் மிகக் குறைவு. நிறுவல் என்பது ஒரு கூற்று ஏன் உண்மை என்பதைப் படிப்படியாகக் காட்டுவது. மற்றவர்க்கு அலுப்பூட்டும் அந்நூல் இராமானுஜனுக்குப் புதையலாயிற்று. ஒவ்வொரு முடிவையும் தாமே நிறுவிப் பார்த்தார். அதிலிருந்து புதியன கண்டார். கண்டவற்றைக் குறிப்பேட்டில் எழுதலானார். நூலில் கண்டவாறே முடிவை மட்டும் எழுதி, வழியை எழுதாமல் விடும் பழக்கமும் அதனுடன் அவரைப் பற்றிக்கொண்டது. அந்தப் பழக்கம் பின்னாளில் அவருக்குப் பெருந்தடையாயிற்று.

1904இல் பள்ளிப் படிப்பு முடிந்தது. கணிதத்திற்கான ரங்கநாத ராவ் பரிசைத் தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர் அவருக்கு வழங்கினார். கும்பகோணம் அரசு கலைக் கல்லூரியில் உதவித்தொகையுடன் இடமும் கிடைத்தது. அக்கல்லூரியைத் தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று அக்காலத்தவர் பெருமையாகக் குறிப்பிடுவர். உண்மையான கேம்பிரிட்ஜில் பின்னாளில் உயர்ந்தவர் இந்தக் கேம்பிரிட்ஜில் தோற்றார் என்பது வரலாற்றின் வேடிக்கை.

அவர் தோற்றது கணிதத்தில் அன்று. சிலர் அவ்வாறு தவறாகக் கூறுவர். எஃப்.ஏ. எனப்பட்ட அந்த ஈராண்டுப் படிப்பு ஏறக்குறைய இன்றைய பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு ஒப்பானது. அதில் ஆங்கிலம், வரலாறு, உடலியல் ஆகியவற்றையும் படித்துத் தேற வேண்டும். இராமானுஜனோ எந்த வகுப்பில் அமர்ந்திருந்தாலும் கணக்கே போட்டுக்கொண்டிருந்தார். ஆங்கிலத்தில் தேறவில்லை, உதவித்தொகை நின்றது. தாயார் கல்லூரி முதல்வரிடம் சென்று முறையிட்டும் பயனில்லை. விதி எல்லாருக்கும் ஒன்றே என்று கல்லூரி கருதியது. அதனைக் குற்றமென்று சொல்லிவிடவும் முடியாது. ஆனால் உதவித்தொகையின்றிக் கட்டணம் செலுத்தும் நிலையில் அக்குடும்பம் இல்லை.

1905ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், பதினேழு வயது இளைஞர் யாரிடமும் சொல்லாமல் வீட்டைவிட்டுப் புறப்பட்டார். விசாகப்பட்டினத்தை நோக்கி இரயிலேறிச் சென்றுவிட்டார். மகனைக் காணாமல் பெற்றோர் பதறித் தேடினர். சில வாரங்களுக்குப் பின் அவர் வீடு திரும்பினார். அங்கே என்ன செய்தார், என்ன நினைத்தார் என்பதைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. தோல்வியை எண்ணி வெட்கமுற்ற உள்ளம் ஓடி ஒளிய இடம் தேடியது என்று மட்டும் நாம் கொள்ளலாம். ஓடிப்போனதால் ஒன்றும் தீரவில்லை. திரும்பி வந்தபோது தேர்வும் அங்கேயே இருந்தது. வறுமையும் அங்கேயே இருந்தது.

அடுத்த ஆண்டு சென்னைக்குச் சென்று பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே கணித ஆசிரியர்கள் அவர் திறமையை மதித்தனர். இடையில் வயிற்று நோய் கண்டு சில மாதங்கள் கும்பகோணம் திரும்ப நேர்ந்தது. 1906 டிசம்பரில் எஃப்.ஏ. தேர்வு எழுதினார். கணிதத்தில் தேறினார், பிறவற்றில் தவறினார். உடலியலில் பெற்ற மதிப்பெண் மிகமிகக் குறைவு. அடுத்த ஆண்டு தனித் தேர்வராக மீண்டும் எழுதினார். முடிவு மாறவில்லை. பட்டம் என்னும் வாயில் அத்துடன் அடைபட்டது.

1907 முதல் 1910 வரை இராமானுஜனுக்குக் கல்லூரியும் இல்லை, வேலையும் இல்லை. வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, மடியில் சிலேட்டு வைத்துக் கணக்குப் போடுவார். காகிதம் விலைமிக்கது, ஆதலால் வழியெல்லாம் சிலேட்டில் எழுதி, முடிவை மட்டும் குறிப்பேட்டில் பதிவார். துணி தேடி நேரத்தை வீணாக்க விரும்பாமல் முழங்கையாலேயே சிலேட்டை அழிப்பார். அழித்து அழித்து முழங்கை கறுத்துக் காய்த்துப் போயிற்று. பிள்ளைகளுக்குத் தனிப்பாடம் சொல்லிக் கொடுத்தும் பார்த்தார். பாடத்திட்டம் ஓரிடத்தில் இருக்க, ஆசிரியர் வேறோர் உலகில் இருந்தார். தேர்வுக்குப் படிக்க வந்த பிள்ளைகள் என்ன செய்வர்? தனிப்பாடமும் நிலைக்கவில்லை.

1909 ஜூலையில் அவருக்கும் ஜானகிக்கும் திருமணம் நடந்தது. மணமகள் அப்பொழுது பத்து வயதுச் சிறுமி. அக்கால வழக்கம் அது. சில ஆண்டுகள் கழித்தே மனைவி கணவருடன் வாழ வருவார் என்றாலும், குடும்பத் தலைவர் என்னும் பொறுப்பு அன்றே தோளில் ஏறிவிட்டது. 1910 தொடக்கத்தில் அவருக்கு அறுவை மருத்துவம் தேவைப்பட்டது. அதற்கும் வீட்டில் பணமில்லை. மருத்துவர் ஒருவர் கட்டணம் பெறாமலே அதனைச் செய்தார்.

அக்காலத்தில் ஒருமுறை சென்னையில் நண்பர் ஒருவரின் அறையில் நோயுற்றுக் கிடந்தார் இராமானுஜன். மருத்துவர் அவரை ஊருக்கே அனுப்பிவிடுமாறு கூறினார். இரயிலேறும் முன் தம் இரு குறிப்பேடுகளையும் அந்நண்பரிடம் ஒப்படைத்தார். தாம் இறந்துவிட்டால் அவற்றைப் பச்சையப்பன் கல்லூரிப் பேராசிரியர் சிங்காரவேலு முதலியாரிடமோ, கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் ராஸ் என்பவரிடமோ சேர்க்குமாறு கேட்டுக்கொண்டார். இருபத்திரண்டு வயதில், வேலையற்றவர் என்று ஊரார் கருதிய அவர், உயில் எழுதுவது போல ஒப்படைத்த செல்வம் அந்தக் குறிப்பேடுகளே.

உடல் தேறிய பின் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். இனித் தேர்வு எழுதிப் பயனில்லை; கணிதத்தை விடவும் இயலாது. அப்படியானால் கணிதம் அறிந்தவர் எவரோ அவரிடம் குறிப்பேட்டைக் காட்டி, உண்ண வழிசெய்யும் ஒரு சிறு வேலை கேட்பது என்று துணிந்தார். பெரும்பதவி எதனையும் அவர் நாடவில்லை. எழுத்தர் வேலை போதும். அது முடிந்தபின் மாலைநேரம் தமக்கு வேண்டும். இவ்வளவே அவர் எண்ணம்.

முதலில் அவர் சென்றது திருக்கோவலூருக்கு. அங்கே வி. இராமசாமி ஐயர் துணை ஆட்சியராக இருந்தார். 1907இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவர் அவரே. வட்ட அலுவலகத்தில் ஓர் எழுத்தர் இடம் வேண்டி நின்ற இளைஞரின் குறிப்பேட்டை அவர் புரட்டிப் பார்த்தார். வேலை தரவில்லை. இத்தகைய அறிவை வருவாய்த் துறையின் கடைசி நாற்காலியில் அமர்த்தி அழித்துவிட அவருக்கு மனம் வரவில்லை. சென்னையிலிருந்த கணித நண்பர்களுக்கு அறிமுகக் கடிதங்கள் எழுதித் தந்து அனுப்பினார். வேலை கேட்டுப் போனவருக்கு வேலை கிடைக்கவில்லை என்றால் அது தோல்விதானே என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் அந்தக் கடிதங்களே இராமானுஜனின் வாழ்வை நகர்த்தின.

கடிதம் பெற்றவர்களுள் ஒருவர் பி.வி. சேஷு ஐயர். முன்பு கும்பகோணம் கல்லூரியில் இராமானுஜனுக்கு ஆசிரியராக இருந்தவர். அப்பொழுது சென்னையில் பணியாற்றினார். அவர் மற்றொருவரைச் சுட்டினார். நெல்லூர் மாவட்ட ஆட்சியரும் கணிதக் கழகத்தின் செயலாளருமான ஆர். இராமச்சந்திர ராவ் அவர். 1910ஆம் ஆண்டின் இறுதியில் இராமானுஜன் அவரைக் காணச் சென்றார். பருத்த குட்டை உருவம், சவரம் செய்யாத முகம், மிகத் தூய்மையெனச் சொல்ல முடியாத ஆடை, கக்கத்தில் நைந்த குறிப்பேடு, ஒளி வீசும் கண்கள் என்றவாறு அவ்விளைஞர் வந்து நின்ற தோற்றத்தை ராவ் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். முதலில் அவருக்கு ஐயமே எழுந்தது. இவை உண்மையில் இவருடைய கண்டுபிடிப்புகளா, வேறெங்கேனும் எடுத்து எழுதியவையா என்று தெளிய முடியவில்லை. இராமானுஜன் மனம் சோர்ந்து நின்றுவிடாமல் மீண்டும் மீண்டும் சென்றார். மிக எளிய முடிவுகளில் தொடங்கி, படிப்படியாகக் கடினமானவற்றை விளக்கினார். முடிவில் ஆட்சியரின் ஐயம் நீங்கியது. என்ன வேண்டும் என்று கேட்டபோது, ஆராய்ச்சி செய்ய ஓய்வும் வயிற்றுக்கு உணவும் வேண்டும் என்று தெரிவித்தார். ராவ் தம் சொந்தப் பணத்திலிருந்து மாதம் 25 ரூபாய் அனுப்பலானார்.

கணிதக் கழகத்தின் இதழில் இராமானுஜனின் வினாக்கள் வெளிவரத் தொடங்கின. அவற்றுள் ஒன்றை நீங்களும் உங்கள் குறிப்பேட்டில் எழுதிப் பார்க்கலாம். ஒரு வர்க்கமூலக் குறி. அதனுள் 1 கூட்டல் 2 பெருக்கல் மற்றொரு வர்க்கமூலம். அதனுள் 1 கூட்டல் 3 பெருக்கல் இன்னொரு வர்க்கமூலம். அதனுள் 1 கூட்டல் 4 பெருக்கல் மேலும் ஒரு வர்க்கமூலம். பெட்டிக்குள் பெட்டியாக இது முடிவின்றிச் செல்கிறது. இதன் மதிப்பு என்ன? ஆறு மாதம் காத்திருந்தும் விடை அனுப்புவார் இல்லை. விடையை இராமானுஜனே தந்தார்: 3. ஒன்பதின் வர்க்கமூலம் மூன்று. ஒன்பது என்பது 1 கூட்டல் 2 பெருக்கல் 4. அந்த நான்கு என்பது பதினாறின் வர்க்கமூலம். பதினாறு என்பது 1 கூட்டல் 3 பெருக்கல் 5. அந்த ஐந்து இருபத்தைந்தின் வர்க்கமூலம். இருபத்தைந்து என்பது 1 கூட்டல் 4 பெருக்கல் 6. இப்படியே மேலே செல்லுங்கள். அதே ஆண்டில், அதாவது 1911இல், பெர்னூலி எண்கள் பற்றிய அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை அவ்விதழில் வெளிவந்தது. எளிதில் வெளிவந்துவிடவில்லை, படிப்பவர் பின்தொடர முடியாதபடி அவர் படிகளைத் தாவித் தாவி எழுதியிருந்ததால், இதழாசிரியர் திருத்தி எழுதுமாறு பலமுறை திருப்பியனுப்பினார்.

ராவ் தந்த பணம் நின்றுவிடவில்லை. இராமானுஜன்தாம் அதனை நீடிக்க விரும்பவில்லை. பிறருக்குச் சுமையாக வாழ்வது அவர் மனத்தை உறுத்தியது. கணக்காயர் தலைமை அலுவலகத்தில் மாதம் 20 ரூபாய்க்குச் சில வாரங்கள் தற்காலிகமாக வேலை பார்த்தார். பின்னர்ச் சென்னைத் துறைமுகக் கழகத்திற்கு விண்ணப்பித்தார். 1912ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் அங்கே எழுத்தராகச் சேர்ந்தார். ஊதியம் மாதம் 30 ரூபாய். ஐந்தாண்டுத் தேடலுக்குப் பின் கிடைத்த நிலையான வேலை அது.

எழுத்தர் வேலையா ஒரு மேதைக்குக் கிடைத்த வழி என்று நீங்கள் வியக்கக்கூடும். ஆனால் அந்த அலுவலகத்தில் அவருக்கு வாய்த்தவர்களைப் பாருங்கள். தலைமைக் கணக்கரான நாராயண ஐயர் தாமே ஒரு கணித ஆசிரியராக இருந்தவர். அலுவல் முடிந்த இரவுகளில் அவருடைய வீட்டு மாடியில் இருவரும் ஆளுக்கொரு சிலேட்டுடன் அமர்ந்து நெடுநேரம் கணக்கில் ஆழ்ந்திருப்பர். பத்துப் படிகளில் சொல்ல வேண்டியதை இரண்டு படிகளில் சொல்லிவிடும் இராமானுஜனிடம், இடைப்பட்ட படிகளையும் எழுதுமாறு அவர் வற்புறுத்துவார். கழகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்னும் பொறியாளர். நாராயண ஐயர் அவரிடமும் எடுத்துரைத்தார். ஒப்பீட்டளவில் அமைதியான வேலை, மாத முடிவில் ஊதியம், புரிந்துகொள்ளும் மேலதிகாரிகள். இம்மூன்றும் ஒருசேர அமைந்த இடம் அவருக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை.

சென்னையிலிருந்த ஆங்கிலேயப் பேராசிரியர்கள் இவர் குறிப்புகளைப் பார்த்துத் திகைத்தனர். பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் கிரிபித் இலண்டனிலிருந்த தம் ஆசிரியர் ஹில் என்பவருக்கு எழுதிக் கேட்டார். ஹில் சில பிழைகளைச் சுட்டிக்காட்டினார். முடிவிலாத் தொடர்கள் பற்றி நன்கு பயில வேண்டுமென்றும், இன்ன நூலைப் படிக்க வேண்டுமென்றும் அறிவுரை அனுப்பினார். மாணவராக ஏற்க முன்வரவில்லை. பிறகு இராமானுஜன் தாமே கேம்பிரிட்ஜுக்கு எழுதத் துணிந்தார். பேக்கர் என்னும் பேராசிரியருக்கு எழுதினார், பயன் விளையவில்லை. ஹாப்சன் என்பவருக்கு எழுதினார். அதுவும் அவ்வாறே ஆயிற்று.

1913ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் மூன்றாவதாக ஒருவருக்கு எழுதினார். அவர் பெயர் ஜி.எச். ஹார்டி. வயது முப்பத்தைந்து. டிரினிட்டி கல்லூரியைச் சேர்ந்தவர். இராமானுஜன் தம்மைத் துறைமுகக் கழகக் கணக்குப் பிரிவின் எழுத்தர் என்றும், பல்கலைக்கழகப் படிப்பு இல்லாதவர் என்றும் மறைக்காமல் குறிப்பிட்டார். கூடவே நிறுவல் எதுவும் இல்லாத ஏறத்தாழ 120 முடிவுகளை எழுதி இணைத்தார்.

முன்பின் அறியாத ஒருவரிடமிருந்து வரும் இத்தகைய கடிதத்தைக் குப்பைக்கூடையில் இடுவது எளிது. ஹார்டியும் முதலில் இது ஏமாற்றாக இருக்கலாமோ என்று ஐயுற்றார். ஆயினும் நாள் முழுதும் அவை அவர் மனத்தை விட்டு அகலவில்லை. இரவு தம் நண்பர் லிட்டில்வுட்டுடன் அமர்ந்து வரிவரியாக ஆராய்ந்தார். சில முடிவுகள் முன்பே அறியப்பட்டவை. சில கடினமானவை எனினும் நிறுவத்தக்கவை. இன்னும் சிலவோ அவர்கள் அதுவரை கண்டறியாதவை. இவற்றை எழுதியவர் முதல்தரக் கணித மேதை என்று அன்றிரவே இருவரும் தெளிந்தனர்.

பிப்ரவரி 8ஆம் நாள் ஹார்டி மறுமொழி எழுதினார். நிறுவல்களை அனுப்புமாறு கேட்டார். அதற்கு இராமானுஜன் எழுதிய இரண்டாம் கடிதம் என் நெஞ்சை மிகவும் தொடுவது. தம் உழைப்பைப் பரிவுடன் நோக்கும் நண்பர் ஒருவரைக் கண்டுகொண்டதாக மகிழ்ந்தார். தாம் அரைப்பட்டினியில் இருப்பதையும், மூளையைக் காக்க முதலில் உணவு வேண்டும் என்பதையும் ஒளிவின்றிச் சொன்னார். பரிவுமிக்க ஒரு கடிதம் கிடைத்தால் பல்கலைக்கழகத்திலோ அரசிடமோ உதவித்தொகை பெறத் துணையாகும் என்றும் வேண்டினார். எட்டாண்டுகளுக்கு முன் தோல்வியை யாரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினத்திற்கு ஓடிய அதே இளைஞர் இவர் என்பதை இங்கே நினைத்துப் பாருங்கள்.

அதன்பின் நிகழ்ச்சிகள் விரைந்து நடந்தன. வானிலை ஆய்வுத் துறையின் தலைவரும் சிறந்த கணித அறிஞருமான கில்பர்ட் வாக்கர் அப்பொழுது சென்னைக்கு வந்திருந்தார்; ஸ்பிரிங் அவரிடம் குறிப்பேட்டைக் காட்டினார். வாக்கர் பல்கலைக்கழகத்திற்கு உறுதியாகப் பரிந்துரைத்தார். முதுகலைப் பட்டம் பெற்றோர்க்கே உரிய ஆராய்ச்சி உதவித்தொகையை, எஃப்.ஏ. கூடத் தேறாத இராமானுஜனுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் வழங்கியது. 1913 மே முதல் ஈராண்டுகளுக்கு மாதம் 75 ரூபாய். மூன்று மாதத்திற்கு ஒருமுறை ஓர் அறிக்கை தந்தால் போதும். தேர்வு விதியால் அவரை வெளியே நிறுத்திய கல்வி அமைப்பு, அவருக்காக ஒரு விதியைத் தளர்த்திக்கொண்டது.

கேம்பிரிட்ஜுக்கு வருமாறு ஹார்டி அழைத்தார். கடல் கடப்பது குலவழக்கத்திற்கு மாறானது என்பதால் இராமானுஜன் முதலில் மறுத்தார். 1914 தொடக்கத்தில் சொற்பொழிவாற்றச் சென்னை வந்த நெவில் என்னும் கேம்பிரிட்ஜ் அறிஞர் அவரைச் சந்தித்தபோது அந்தத் தயக்கம் நீங்கியிருந்தது. குலதெய்வமான நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் தோன்றி இசைவு தந்ததாகத் தாயார் கோமளத்தம்மாள் கூறினார் என்பர். குடுமியை நீக்கி, மேலாடையும் காலணியும் அணியப் பழகிக்கொண்டு, 1914 மார்ச்சு 17ஆம் நாள் நெவாசா என்னும் கப்பலில் அவர் புறப்பட்டார்.

கேம்பிரிட்ஜில் அவர் வாழ்ந்த ஐந்தாண்டுகளைப் பற்றிப் பெரிய நூல்களே உள்ளன. இங்கே சிலவற்றை மட்டும் காண்போம். அவரும் ஹார்டியும் சேர்ந்து ஆராய்ந்தவற்றுள் எண்களின் பிரிவினை பற்றியது புகழ்பெற்றது. 4 என்னும் எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகையாகப் பிரிக்கலாம். 200ஐ எத்தனை வகையாகப் பிரிக்கலாம்? விடை 3,972,999,029,388 என்று எழுதினால் நம் முறைக்குக் குழப்பமாகும். ஏறத்தாழ நான்கு இலட்சம் கோடி எனலாம். ஒவ்வொன்றாக எண்ணாமல் இதனைக் கணக்கிட அவர்கள் ஒரு வாய்பாடு கண்டனர். 1916இல் ஆராய்ச்சிக்காகக் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் அளித்தது. 1918இல் இராயல் கழகத்தின் உறுப்பினரானார். இந்தியருள் அப்பெருமை பெற்ற இரண்டாமவர் அவர். அதே ஆண்டு டிரினிட்டி கல்லூரியின் ஆய்வாளராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார், இந்தியருள் முதல்வர்.

இவ்வளவு புகழுக்கு நடுவிலும் துன்பம் அவரை விடவில்லை. அப்பொழுது முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. மரக்கறி உணவே உண்ணும் அவர் தம் அறையில் தாமே சமைத்தார். பொருள்களோ எளிதில் கிடைக்கவில்லை. குளிர் வாட்டியது. வீட்டுக் கடிதங்கள் அரிதாயின. 1917இல் கடும் நோய் பற்றியது. மருத்துவமனைகளிலும் நலவாழ்வு இல்லங்களிலும் ஈராண்டுகள் கழிந்தன. உடலுடன் உள்ளமும் நைந்தது. மொழியும் உணவும் வேறான ஊரில் வாழ்வதென்றால் என்னவென்று உங்கள் பெற்றோர் சிலர் அறிவர். உடன் தமிழில் பேச ஒருவருமின்றி நோயில் கிடப்பது அதனினும் கொடிது. அந்நாள்களில்தான் 1729 என்னும் எண்ணுள்ள வாடகை வண்டியில் வந்த ஹார்டி, அது சிறப்பற்ற எண் என்று சொல்ல, படுக்கையிலிருந்தவாறே இராமானுஜன் அதனை மறுத்தார். இரண்டு கன எண்களின் கூட்டலாக இருவகையில் எழுதத்தக்க மிகச் சிறிய எண் அது: 1, 12 ஆகியவற்றின் கனங்கள், 9, 10 ஆகியவற்றின் கனங்கள். கூட்டிச் சரிபாருங்கள்.

1919 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை வழங்க முன்வந்தது. அதனை ஏற்று அவர் எழுதிய கடிதம் குறிப்பிடத்தக்கது. தம் பெற்றோர்க்கும் தம் சிறு செலவுகளுக்கும் போக எஞ்சிய தொகையை, பள்ளிக் கட்டணம் செலுத்த இயலாத ஏழைச் சிறுவர்க்கும் ஆதரவற்ற சிறுவர்க்கும் பயன்படுத்துமாறு அதில் கேட்டுக்கொண்டார்.

அவ்வாண்டு மார்ச்சில் பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கித் தாயகம் வந்தார். சென்னையிலும் கொடுமுடியிலும் கும்பகோணத்திலும் மருத்துவம் பார்த்தனர். உடல் தேறவில்லை. படுத்தபடியே கணக்கு எழுதினார். 1920 ஜனவரியில் புதுவகைச் சார்புகள் சிலவற்றைப் பற்றி ஹார்டிக்கு எழுதினார். ஏப்ரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் காலமானார். வயது முப்பத்திரண்டு. அந்த இறுதி ஓராண்டில் எழுதிய தாள்கள் இங்கிலாந்துக்குச் சென்று, எங்கோ கட்டுகளுக்கிடையே மறைந்து கிடந்தன. 1976இல் ஆண்ட்ரூஸ் என்னும் அமெரிக்க அறிஞர் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் அவற்றைக் கண்டெடுத்தார்.

ஜானகியம்மாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இருபத்தோராம் வயதில் கணவரை இழந்த அவருக்கு முன்னும் வழி அடைபட்டே இருந்தது. பம்பாயிலிருந்த தம் தமையனார் வீட்டில் சில ஆண்டுகள் தங்கி, தையலும் சிறிது ஆங்கிலமும் கற்றார். பின்னர்ச் சென்னைக்குத் திரும்பி, திருவல்லிக்கேணியில் துணி தைத்தும் பெண்களுக்குத் தையல் கற்பித்தும் பல்லாண்டுகள் வாழ்ந்தார். தோழி ஒருவரின் மகனைத் தம் மகனாக வளர்த்துப் படிக்கவைத்தார். கணவருக்குச் சிலை வைப்பதாகச் சொன்னவர்கள் வைக்கவில்லையே என்னும் குறை அவருக்கு இருந்தது. அதனை அறிந்த உலகக் கணித அறிஞர்கள் பலர் பணம் திரட்டி, அமெரிக்கச் சிற்பி ஒருவரைக் கொண்டு இராமானுஜனின் மார்பளவு வெண்கலச் சிலையைச் செய்வித்தனர். 1980களில் அச்சிலை திருவல்லிக்கேணி வீட்டிற்கு வந்து சேர்ந்தது. 1994 வரை வாழ்ந்த ஜானகியம்மாள் அதனைத் தம் வீட்டிலேயே வைத்திருந்தார்.